பினாங்குக் கடற்கரைக்கு முதல் மெட்டல் டிடெக்டர்: எதை வாங்குவது?

தஞ்சோங்பூங்கா_தம்பி:

வணக்கம். வாரக் கடைசியில் பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் மணலில் தேடிப் பார்க்க ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை கையால் தொட்டதுகூட இல்லை. எல்லாம் சேர்த்து 2,000 ரிங்கிட்டுக்கு மேல் போக முடியாது.

பார்த்து வைத்திருப்பவை: கேரட் ஏஸ் 300, மைன்லேப் வான்குவிஷ் 440, நோக்டா சிம்ப்ளெக்ஸ் அல்ட்ரா. ஷாப்பி இணையக் கடையில் இருநூறு ரிங்கிட் சொச்சத்துக்கு '2 மீட்டர் ஆழம்' என்று போட்டு விற்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது.

ஈர மணலில் எது ஒழுங்காக வேலை செய்யும்? தங்கத்துக்கு மட்டும் சத்தம் வருகிற மாதிரி வைக்க முடியுமா? சுங்கை பட்டாணியில் மாமா வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் அதே மெஷின் போதுமா? அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஈரமணல்:

தம்பி, ஆழக் கணக்கைப் பார்த்து மெஷின் எடுக்க வேண்டாம். எந்த மண்ணில் நடக்கப்போகிறோம் என்று பார்த்து எடுங்கள். ஃபெரிங்கி என்றால் முதலில் கேட்க வேண்டியது உப்பைப் பற்றி.

தண்டின் அடியில் இருக்கும் தட்டுதான் காயில். அதற்குள் இரண்டு கம்பிச் சுற்று இருக்கிறது. ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தைக் கீழே அனுப்பும். அந்தப் புலம் படும் உலோகத்தில் சிறு மின்னோட்டம் சுழலும். அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுற்று பிடிக்கும். கடல் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஊறிய மணல் முழுக்க மெஷினுக்கு ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடாகத் தெரிகிறது. ஒரே ஒரு ஃப்ரீக்வென்சியில் (அலைவரிசையில்) ஓடும் மெஷினை அலை நனைத்த இடத்தில் வைத்தால் ஓயாமல் பிப் பிப் என்று கத்துவது இதனால்தான். மெஷின் பழுது என்று பலர் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மல்டி ஃப்ரீக்வென்சி மெஷின் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் அனுப்பி, ஒவ்வொன்றிலும் திரும்பி வருவதை ஒப்பிடுகிறது. உப்பு ஒரு அலைவரிசையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பதில் தரும். அந்த வித்தியாசத்தை வைத்து உப்பின் பங்கைக் கழித்துவிட முடியும்.

நீங்கள் சொன்ன மூன்றையும் இந்தக் கணக்கில் வைத்தால்:

ஏஸ் 300: 8 கிலோஹெர்ட்ஸ், ஒற்றை ஃப்ரீக்வென்சி. கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணே தரும் பதிலைச் சரிக்கட்டும் அமைப்பை) கையால் மாற்ற வழியில்லை. காயிலை மட்டும்தான் தண்ணீரில் நனைக்கலாம். புல்வெளிக்கும் காய்ந்த மணலுக்கும் நல்ல மெஷின், ஈர மணலுக்கு வேண்டாம்.

சிம்ப்ளெக்ஸ் அல்ட்ரா: 15 கிலோஹெர்ட்ஸ், இதுவும் ஒற்றைதான். மெஷின் முழுவதும் 5 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். பீச் மோட் இருக்கிறது. சென்சிடிவிட்டியை (மெல்லிய பதிலையும் கேட்கும் திறனை) குறைத்தால் ஈர மணலில் சமாளிக்கலாம். ஆனால் குறைக்கக் குறைக்க ஆழம் போகும்.

வான்குவிஷ் 440: மல்டி ஃப்ரீக்வென்சி. உப்பு மணலில் எதையும் அமைக்காமலே அமைதியாக ஓடும். குறை என்னவென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீர் தாங்காது. முழங்கால் அளவுத் தண்ணீரில் கால் இடறினால் மெஷின் போய்விடும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம். நான்கு ஏஏ பேட்டரி. திரும்பச் சார்ஜ் செய்யும் வகையாக இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று நோக்டா ஸ்கோர், 2024-ல் வந்தது. மல்டி ஃப்ரீக்வென்சி, அதோடு 5 மீட்டர் வரை தண்ணீரும் தாங்கும். விலை உங்கள் கணக்குக்குள் கிடைத்தால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். கிடைக்காவிட்டால் வான்குவிஷ் 440.

பல்ஸ் இண்டக்ஷன் (புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும்) மெஷினை யாராவது சொல்வார்கள். உப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஆழமும் போகும். ஆனால் ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. ஃபெரிங்கியில் புதைந்து கிடக்கும் சோடா மூடிகளின் எண்ணிக்கைக்கு முதல் மெஷினாக அது சரிவராது.

நடைமுறை: காயில் மணலிலிருந்து 2, 3 செ.மீ. உயரத்தில், ஒரே மட்டமாகப் போக வேண்டும். வீச்சின் இரு முனையிலும் காயில் மேலே தூக்கிக்கொள்வதுதான் புதியவர்களிடம் பார்க்கிற முதல் கோளாறு. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதியாவது மூட வேண்டும். ஈர மணலில் கடலை நோக்கி நடக்காமல் கரையோடு நடந்து, காயிலைக் கரைக்குச் செங்குத்தாக நீளமாக வீசாமல் குறுக்கி வீசுங்கள். கரையிலிருந்து தண்ணீர் வரை ஈரம் படிப்படியாக மாறுகிறது. ஒரே வீச்சில் காய்ந்ததையும் நனைந்ததையும் தாண்டினால் எந்த மெஷினும் தடுமாறும்.

நேரம் பார்ப்பதும் மெஷின் பார்ப்பது போலத்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றும். ஜூபேம் (மலேசிய நில அளவைத் துறை) ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்ற இறக்க அட்டவணையில் பினாங்குக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. முழுதாக வற்றும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்னால் இறங்கி, தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கக் கூடவே போங்கள். தென்மேற்குப் பருவக் காலத்தில் இரவு பலத்த காற்றோடு அலை அடித்திருந்தால் மறுநாள் காலை போய்ப் பாருங்கள். மேல் மணல் அரித்து, கீழே கெட்டியான அடுக்கு தெரியும். கனமான பொருள்கள் அந்த அடுக்கில்தான் தங்கி நிற்கும்.

---

பிடி_மணல்மேடு:

கோலாலம்பூர்க்காரர்கள் போர்ட் டிக்சனுக்குப் போய்த் தேடுவதை வைத்துச் சொல்கிறேன். ஈரமணல் அண்ணன் சொன்ன உப்புக் கணக்கு சரி. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு ஒருவருக்குக் காய்ந்த மணலே போதும் என்பது என் கருத்து. மக்கள் பாய் விரிப்பது, பிள்ளைகளுக்கு உடை மாற்றுவது, மர நிழலில் பையைக் கொட்டித் தேடுவது, கைப்பந்து ஆடுவது எல்லாம் அங்கேதான். தெலுக் கெமாங்கில் மரத்து வேரைச் சுற்றி 3 மீட்டர் வட்டத்தில் கிடைப்பது, தண்ணீர் ஓரமாக ஒரு மணி நேரம் நடந்தாலும் கிடைக்காது.

அந்த வேலைக்குச் சிம்ப்ளெக்ஸ் அல்ட்ராவோ மைன்லேப் எக்ஸ்டெரா ப்ரோவோ தாராளம். எக்ஸ்டெரா ப்ரோவில் 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், அதை மல்டி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். கடையில் சிலர் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள்.

இன்னொன்று, 2,000 ரிங்கிட்டையும் மெஷினுக்கே போட்டுவிடக் கூடாது. இவற்றுக்கும் ஒதுக்குங்கள்:

பின்பாயிண்டர். கைக்கு அடக்கமான சிறு டிடெக்டர், தோண்டிய குழிக்குள் பொருள் எந்தப் பக்கம் என்று காட்டும். கேரட் ப்ரோ பாயிண்டர் ஏடி 6 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், 9 வோல்ட் பேட்டரி. அதே ஆரஞ்சு நிறத்தில் மலிவான நகல்கள் உண்டு, தண்ணீர் பட்டால் அவை நிலைக்காது. ஈர உப்பு மணலில் எந்தப் பின்பாயிண்டரும் கொஞ்சம் கத்தும். சென்சிடிவிட்டியை ஒரு படி இறக்கிவிட்டு, மணலில் நுனியைத் தொட்டபடி ரீடியூன் பட்டனை அழுத்தினால் அடங்கும்.

ஸ்கூப். மணலை அள்ளிச் சலிக்கும் ஓட்டை போட்ட கரண்டி. காய்ந்த மணலுக்குக் கைப்பிடி நீளமில்லாத பிளாஸ்டிக் ஸ்கூப் போதும். ஈர மணலுக்கு நீளக் கைப்பிடி வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். மண்வெட்டியால் தோண்டினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்து குழி மூடிக்கொள்ளும். ஓட்டை 8 மி.மீ. அளவில் இருந்தால் மோதிரமும் காசும் நிற்கும், மணல் சீக்கிரம் இறங்கும். தோடு, மூக்குத்தி இவை அதில் நழுவிவிடும். காய்ந்த மணலுக்கு 5 மி.மீ. ஓட்டையுள்ளதை எடுங்கள்.

ஹெட்ஃபோன். அலைச் சத்தத்தில் ஆழமான பொருளின் மெல்லிய ஒலி ஸ்பீக்கரில் கேட்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

குப்பைப் பை. இரண்டு அறை இருக்க வேண்டும், ஒன்று எடுத்த குப்பைக்கு. தோண்டி எடுத்த மூடியைத் திரும்ப மணலில் போட்டால் அடுத்த வாரம் அதையே மறுபடி தோண்ட வேண்டியிருக்கும்.

ஷாப்பி மெஷினைப் பற்றி: அந்த 2 மீட்டர், பெரிய இரும்புத் தகடு ஒன்றைக் காற்றில் பிடித்துப் பார்த்த கணக்காக இருந்தால்தான் உண்டு. 25 செ.மீ. காயில் ஒன்று மோதிர அளவுப் பொருளை நல்ல மண்ணில் 20 செ.மீ. ஆழத்தில் காட்டினாலே நல்ல வேலை. எந்தப் பிராண்டாக இருந்தாலும் இதுதான் உண்மை. முள் ஆடும் மலிவு மெஷின்களில், என்ன வகைப் பொருள் என்று ஊகிக்க உதவும் எண் திரையில் வராது, கிரவுண்ட் பேலன்ஸ் நிற்காது, காயில் கேபிளை அசைத்தாலே சத்தம் வரும். ஒரு மாதத்தில் ஆசையே விட்டுப்போகும். ஆன்டெனா இரண்டை நீட்டிக்கொண்டு 'ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தங்கம் காட்டும்' என்று வருவது முழுக்க மோசடி. அப்படி வேலை செய்யும் கருவி உலகத்தில் கிடையாது.

---

செம்மண்:

தோட்டத்து லயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே பிரச்சினை வேறு. கெடாவில் அந்தப் பக்கத்துச் சிவப்பு மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். மண்ணே மெஷினுக்குப் பதில் சொல்லும். அதைச் சரிக்கட்டுவதுதான் கிரவுண்ட் பேலன்ஸ்.

சிம்ப்ளெக்ஸ் அல்ட்ராவில் செய்கிற விதம்: உலோகம் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காயிலை 3 செ.மீ.க்கும் 20 செ.மீ.க்கும் இடையே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே மாதிரி அடங்கிய சத்தம் வந்தால் சரி. இடம் மாறினால், மண் நிறம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். வான்குவிஷில் இந்த வசதி இல்லை, தானாகவே பார்த்துக்கொள்ளும். கடுமையான செம்மண்ணில் அது ஆழம் இழக்கும். தோட்டத்துக்குத்தான் அதிகம் போவீர்கள் என்றால் நான் சிம்ப்ளெக்ஸ் பக்கம் நிற்பேன்.

லயம் இருந்த இடம் ஆணி மயம். துத்தநாகக் கூரைத் துண்டு, ஆணி, ரப்பர் மரத்தில் பால் கோப்பை தாங்கிய கம்பி எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். அங்கே மூன்று சோதனை உதவும்.

சத்தம் வந்ததும் 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். காசு இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத் தரும். ஆணி ஒரு பக்கம் நல்ல எண்ணாகவும் மறுபக்கம் கரகரப்பாகவும் வரும்.

காயிலை 20 செ.மீ. மேலே தூக்குங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கீழே பெரிய தகடு. காசு என்றால் சட்டென்று மங்கும்.

எண் உயரத்தில், நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் துருப்பிடித்த பெரிய இரும்பு. பெரிய இரும்பு வெள்ளி மாதிரி நடிக்கும்.

கிடைக்கக்கூடியவை: பழைய வெண்கலச் சதுர ஒரு சென் (சதுர வடிவத்தில் கடைசியாக வந்தவை 1961 என்று பொறித்தவை), ஆங்கிலேயர் கால ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் காசுகள், பித்தளைச் சாமான் துண்டு, மெட்டி. எடுத்த காசைச் சட்டையில் தேய்க்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மணல் துகள் மேற்பரப்பைக் கீறிவிடும், புளி போட்டுத் தேய்த்தால் மதிப்பே போய்விடும். சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு விரல் நுனியால் கழுவினால் போதும்.

ஆனால் போவதற்கு முன் நிலம் யாருடையது என்று விசாரியுங்கள். லயம் இடித்துவிட்டார்கள் என்பதால் பொது நிலம் ஆகிவிடாது. தோட்ட நிறுவனமோ வீடமைப்பு நிறுவனமோ வைத்திருக்கும். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பழங்காசு:

அனுமதி விஷயத்தைச் செம்மண் தொட்டுவிட்டார். சுங்கை பட்டாணி என்றதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005, அதாவது சட்டம் 645, பழைய பொருள்களைத் தேடித் தோண்டுவதற்கு உரிமம் வேண்டும் என்கிறது. பண்பாட்டு மதிப்புள்ளது என்று நம்பக் காரணமுள்ள பொருள் தற்செயலாகக் கிடைத்தாலும் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். சுங்கை பட்டாணியை ஒட்டித்தான் லெம்பா பூஜாங், சுங்கை பத்து ஆகிய தொல்லியல் தளங்கள் இருக்கின்றன. செங்கல் அடுக்கு, இரும்புக் கசடு, மண்பாண்டத் துண்டு, பாசிமணி போன்றவை கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு கரண்டி மண்ணும் எடுக்காதீர்கள். இருந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தெரிவியுங்கள். பொருளைப் பிடுங்கி எடுத்துவிட்டால் அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் அழிந்துபோகும். நம் முன்னோர் கடல் கடந்து வந்த தடம் புதைந்திருக்கும் மண் அது. நமக்கு அதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

பினாங்கில் தவிர்க்க வேண்டியவை: ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரமும் கோட்டையும், செபராங் பிறையில் குவார் கெப்பா தொல்லியல் தளம், தேசியப் பூங்காவுக்குள் உள்ள கடற்கரைகள். பந்தாய் கெராச்சுட்டில் ஆமை முட்டையிடும், அங்கே ஸ்கூப் இறக்கவே கூடாது. ஃபெரிங்கி ஓட்டல்களின் புல்வெளி தனியார் இடம், மணலோடு நின்றுகொள்ளுங்கள். வேறு பூங்கா, கடற்கரை என்றால் மாநகர் மன்றத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நவீன நகை கிடைத்தால் 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' என்று சட்டம் சொல்லவில்லை. உரியவரைத் தேட முயலாமல் வைத்துக்கொண்டால் தண்டனைச் சட்டம் 403-ன் கீழ் வரலாம். பெயரோ தேதியோ பொறித்த மோதிரம், தாலி இவற்றைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தாலியைத் தொலைத்த பெண்ணுக்கு அது திரும்பக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அஸ்தி கரைக்கும் இடத்திலும், மாசி மகத்துக்குப் பிறகு தெலுக் பஹாங்கில் படையல் விட்ட இடத்திலும் காயிலை வீசாதீர்கள். அங்கே கிடப்பது தொலைந்த காசு அல்ல, கொடுத்த காசு.

கடைசியாக வெடிபொருள். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டன. போர்க்கால வெடிகுண்டுகள் நாட்டில் இன்னமும் கட்டுமான இடங்களிலும் ஆற்றோரத்திலும் வெளிப்படுகின்றன. துருப்பிடித்த உருளை, கூம்பு முனை, வால் சிறகு தெரிந்தால் தொடாமல், தட்டிப் பார்க்காமல் வந்த வழியே விலகி 999 அழையுங்கள்.

---

தஞ்சோங்பூங்கா_தம்பி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. லயத்து நிலம் யாருடையது என்று மாமாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கடற்கரை மட்டும்தான். ஸ்கோர் அல்லது வான்குவிஷ் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் தங்கம் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அலுமினியத்தை ஒதுக்கிவிட்டுத் தங்கம் மட்டும் எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா?

---

ஈரமணல்:

இல்லை. எந்த விலை மெஷினிலும் இல்லை. ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

திரையில் வரும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. பொருள் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரிது, எவ்வளவு தடிப்பு, வளையமாக மூடியிருக்கிறதா என்பதெல்லாம் கலந்த ஒரே எண் அது. தங்கம் நன்றாகக் கடத்தும்தான், ஆனால் மோதிரம் சிறிது, மெல்லியது. அதனால் அது அலுமினியப் பானக் குவளையின் இழுப்பு வளையம் விழும் அதே இடத்தில் விழுகிறது. பெண்கள் அணியும் மெல்லிய மோதிரம் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாளின் எண்ணில் வரும். இழுப்பு வளையத்தை ஒதுக்கினால் அதே எண்ணில் வரும் மோதிரத்தையும் ஒதுக்கியதாகிவிடும்.

மெஷின் வந்த அன்றே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆணி இல்லாத மர மேசை அல்லது பிளாஸ்டிக் நாற்காலி மேல் காயிலை நிமிர்த்தி வையுங்கள். கைக்கடிகாரம், வளையல் கழற்றிவிடுங்கள். கைப்பேசியையும் வைஃபை பெட்டியையும் தள்ளி வையுங்கள், அவை இரண்டும் மெஷினைக் கத்தவைக்கும். அம்மாவின் 916 மோதிரம், ஒரு தோடு, மெல்லிய சங்கிலி, வெள்ளி மெட்டி, 5, 10, 20, 50 சென், இழுப்பு வளையம், சோடா மூடி, மாத்திரை அட்டையின் தாள், ஒரு ஆணி. ஒவ்வொன்றையும் 10 செ.மீ. தூரத்தில் முதலில் தட்டையாகவும், பிறகு செங்குத்தாகவும் காயிலுக்கு முன்னால் அசைத்து, வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். வான்குவிஷில் அளவுகோல் -9 முதல் 40 வரை. மற்ற மெஷின்களில் வேறு மாதிரி இருக்கும், ஆகவே அடுத்தவர் பட்டியலை நகல் எடுப்பதில் பயனில்லை.

மூன்று விஷயம் தெரியவரும். 2012-ல் வந்த புதிய வரிசையில் 5, 10 சென் எஃகு. பழைய வரிசையின் 10, 20 சென் செம்பு-நிக்கல். அதனால் ஒரே 10 சென்னில் பழையதும் புதியதும் வேறு வேறு எண் தரும். இரண்டாவது, சங்கிலி. பத்து கிராம் சங்கிலியாக இருந்தாலும் மெஷினுக்கு ஒவ்வொரு கண்ணியும் தனித் தனிச் சிறு வளையம்தான். மொத்த எடையை அது பார்ப்பதில்லை. சங்கிலி கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் கொக்கியோ பதக்கமோ கேட்டதால்தான். மூன்றாவது, வெட்டுப்பட்ட மோதிரம். வளையம் அறுந்ததும் மின்னோட்டம் சுழல வழியில்லாமல் சத்தம் பாதியாக விழும்.

ஆகவே வான்குவிஷ் எடுத்தால் காயின் மோடில் வைக்காதீர்கள், அது கீழ் எண்களை மறைக்கும். ஜூவல்ரி மோடில் வையுங்கள், அதில் இரும்பு மட்டும் மறையும். கீழ் எண்ணிலிருந்து நடு எண் வரை, சத்தம் உடையாமல் சீராக, இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக வந்தால் தோண்டுங்கள். பெரும்பாலும் அலுமினியம்தான் வரும். அதைத் தோண்டாமல் விடுகிறவருக்குத் தங்கமும் கிடைக்காது.

அலுமினியத்தைத் தவிர்க்க வழியில்லை என்றாலும் சோடா மூடியைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. மூடி எஃகு, தட்டையாக, வட்டமாக இருப்பதால் நல்ல காசு போல நடிக்கும். சத்தம் உச்சமாக வரும் இடத்தில் காயிலை நிறுத்தி, சிறு வீச்சாக வீசிக்கொண்டே மெதுவாக உங்கள் பக்கம் பின்னால் இழுங்கள். பொருள் காயிலின் முன் நுனிக்கு வரும். காசோ மோதிரமோ என்றால் சத்தம் மங்கி அப்படியே நின்றுபோகும். மூடி என்றால் நுனியில் உடைந்து, கரகரத்து, எண் இரும்புப் பக்கம் குதிக்கும். பத்து மூடியைத் தோண்டிப் பார்த்துக் காதைப் பழக்குங்கள், பிறகு திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

மணலில் கறுப்பு வரி வரியாகத் தெரியும் இடத்தில் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இழுத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் அப்பிக்கொண்டால் அங்கே இரும்புத் தாது கலந்திருக்கிறது. சென்சிடிவிட்டியை இரண்டு படி இறக்கிவிட்டு வீசினால் உண்மையில் ஆழம் கூடும். முழு அளவில் வைத்தால் மெஷின் மண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

---

பிடி_மணல்மேடு:

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது: அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்று அந்தந்தத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள். பெரிய பிராண்டுகளுக்கு நகல் நிறைய உண்டு. பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், உத்தரவாதப் பதிவு அந்த எண்ணை ஏற்க வேண்டும். பழையதை வாங்கினால் கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை லேசாக அசைத்துக் கேளுங்கள். சத்தம் வந்தால் உள்ளே கம்பி அறுபட்டிருக்கிறது, காயில் விலை மெஷின் விலையில் பெரும் பங்கு.

---

செம்மண்:

கடலுக்குப் போய் வந்ததும் பராமரிப்பு. தண்ணீர் தாங்கும் மெஷின் என்றால் முழுவதையும், வான்குவிஷ் என்றால் காயிலையும் கீழ்த் தண்டையும் மட்டும், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பைப்பை வேகமாகத் திறந்து பீய்ச்சக் கூடாது, சீல் உள்ளே தள்ளிக்கொள்ளும். தண்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டு வளையங்களில் இருக்கும் மணலை எடுத்துவிடுங்கள், விட்டால் அடுத்த முறை இறுகிக்கொண்டு திருகும்போது உடையும். காயிலின் அடி உறையைக் கழற்றிக் கழுவ வேண்டும். உறைக்கும் காயிலுக்கும் நடுவில் சேரும் ஈரமான கறுப்பு மணல்தான் 'புது மெஷின் திடீரென்று தானாகக் கத்துகிறது' என்கிற புகாருக்குப் பெரும்பாலும் காரணம்.

உள்ளேயே பேட்டரி உள்ள மெஷினில் சார்ஜ் போடும் உலோகப் புள்ளிகளை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, முழுதாகக் காய்ந்த பிறகுதான் கேபிளை மாட்டுங்கள். உப்பு ஈரத்தோடு மாட்டினால் மின்சாரம் ஓடும்போது அந்தப் புள்ளிகள் பச்சை பூத்து அரிக்கும், பிறகு சார்ஜ் ஏறாது. கார் பூட்டில் பகல் முழுவதும் வைத்துவிட்டுப் போக வேண்டாம். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் ஏறும் சூடு பேட்டரிக்கும் ஆகாது, திரைக்கும் ஆகாது.

மதியத்துக்கு மேல் இடி கேட்டால் காயிலை மடக்கிவிட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள். வெட்ட வெளியான மணலில் உயரமாக நிற்பது நீங்கள் ஒருவர்தான், கையில் ஒரு தண்டு வேறு.

---

தஞ்சோங்பூங்கா_தம்பி:

ஸ்கோருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். ஸ்கூப் 8 மி.மீ., பின்பாயிண்டர் அடுத்த மாதம். அதுவரை பின்பாயிண்டர் இல்லாமல் எப்படித் தேடுவது?

---

ஈரமணல்:

மெஷினிலேயே பின்பாயிண்ட் பட்டன் இருக்கிறது. அழுத்திப் பிடித்து முதலில் இடம் வலமாகவும், பிறகு முன் பின்னாகவும் மெதுவாக நகர்த்துங்கள். சத்தம் உச்சமாக வரும் இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் விரலால் குறியிட்டு, அதிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஸ்கூப்பைச் சாய்த்து இறக்குங்கள். நேராக மேலே குத்தினால் மோதிரம் நசுங்கும். ஒரு ஸ்கூப் எடுத்ததும் குழி மேல் காயிலைத் திரும்ப வீசுங்கள். சத்தம் இல்லையென்றால் பொருள் ஸ்கூப்புக்குள் வந்துவிட்டது, மணலைத் தண்ணீரில் அலசுங்கள். சத்தம் இருந்தால் இன்னொரு ஸ்கூப். காய்ந்த மணலில் எடுத்த மண்ணைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி, பாதிப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் கையில் அள்ளிக் காயிலுக்கு முன்னால் காட்டினால் நான்கைந்து முறையில் பொருள் கைக்கு வந்துவிடும். குழியை மூடிவிட்டு நகருங்கள், காலையில் ஓடுகிறவர்கள் கணுக்கால் மடங்கி விழுவார்கள்.